பானை ஓடுகளை வைத்துப் பழைய வரலாறு நடத்தலாமா?

ஒரு வாசகர் கேட்டது (ஜூன் 7):

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். ஆதிச்சநல்லூர் பக்கத்தில்தானே இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், போனோம். ஒரு மேடும், இறந்தவர்களை வைத்துப் புதைத்த சில தாழிகளும் கண்ணாடிக்குள் இருந்தன. பத்து நிமிடத்தில் பிள்ளைகள் அலுத்துவிட்டார்கள். தேர்வில் கேட்பது ஆண்டும் பெயரும்தான். பழம்பொருள்களைக் காட்டி வரலாறு நடத்துவதால் உண்மையில் பயன் உண்டா, அல்லது அது சுற்றுலாவுக்கு இன்னொரு பெயரா?

ஜூன் 8, காலை

பயன் உண்டு. இருபத்தாறு ஆண்டுகளாகத் தாமிரபரணிக் கரை ஊர்களில் வரலாறு நடத்தி வருகிறவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். நீங்கள் கண்ட அலுப்பும் உண்மைதான். முதல் ஆறேழு ஆண்டுகள் என் மாணவர்களும் அப்படித்தான் அலுத்துப்போய் நின்றார்கள். நான் அங்கே நின்று பேசிய பேச்சுதான் அதற்குக் காரணம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. "இது மூவாயிரம் ஆண்டுப் பழமை, உலகமே வியக்கிறது" என்று ஆசிரியரே முடிவைச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை செய்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எத்தனை ஆண்டு என்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, "அது மூவாயிரம் ஆண்டு என்று நமக்கு எப்படித் தெரியும்?" என்பதை முதலில் கேட்டுப் பாருங்கள். நம் திருநெல்வேலி மாவட்டத்து ஆதிச்சநல்லூர்ப் பரம்பு, அதாவது தாழிகள் புதைந்த அந்த மேடு, 114 ஏக்கர். 1899இல் தொல்லியல் அதிகாரி அலெக்சாந்தர் ரீ முதன்முதலாக அங்கே தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை அந்த ஒரு கேள்விக்குத்தான் ஒவ்வொருவரும் விடை தேடியிருக்கிறார்கள்.

ஜூன் 8, மாலை

காலையில் எழுதியதில் இரண்டு பிழைகள். ஆதிச்சநல்லூர் 1986இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. பழக்கத்தில் "நம் திருநெல்வேலி" என்று எழுதிவிட்டேன். அடுத்து, முதலில் தோண்டியவர் ரீ அல்லர். அவருக்கு முன்பே, 1876இல், யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. ஒரே மேட்டின் பொருள்கள் பெர்லின், சென்னை, ஆதிச்சநல்லூர் என்று மூன்று இடங்களில் கிடக்கின்றன என்பதே வகுப்பில் அரை மணி நேரம் பேசத் தக்க செய்தி.

ஜூன் 10

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளம் போட்ட அருங்காட்சியகமெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பரம்புக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது ஒரு பையன் கால்சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலமுள்ள பானை ஓடு ஒன்றை எடுத்து நீட்டினான். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு, விளிம்பில் வழவழப்பு. நான் அவனை எல்லார் முன்பும் பாராட்டினேன். அந்த ஓட்டை வகுப்பு மேசை மேல் வைத்து ஓராண்டு பாடம் நடத்தினேன்.

பிறகொரு நாள் அகழாய்வுப் பணியில் இருந்த ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தபோது அந்த ஓட்டைப் பெருமையோடு காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த இடத்தில் கிடந்தது டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "மேற்பரப்பிலா, மழை அரித்த ஓடையிலா, தாழிக்குப் பக்கத்திலா?" என்றார். அதுவும் தெரியவில்லை. அவர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஓட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "இதுக்கு இனி முகவரி கிடையாது" என்றார்.

அந்தச் சொல் என்னை விட்டுப் போகவே இல்லை. அடுத்த ஆண்டு முதல் என் பாடம் மாறியது. ஒரு பொருள் எந்த மண்ணில், எதன் மேல், எதன் கீழ், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அது பேசும் பேச்சில் முக்கால் பங்கு. கடையில் வாங்கிய பழைய காசும் நிலத்தில் இருந்த இடத்திலேயே கண்ட காசும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டால், பிறகு அவர்கள் அலுக்கமாட்டார்கள்.

ஜூன் 11

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், அப்படி ஒரு பொருள் பிள்ளைகளின் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். எடுக்கக் கூடாது. கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலோ பேனாவோ வைத்து இன்னொரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1878 முதல் இருக்கிறது. பிள்ளைகளிடம் சட்டத்தைச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை. முகவரியைச் சொன்னால் போதும்.

ஜூன் 14

கறுப்பு சிவப்புப் பானையைப் பற்றி. உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்து, உடல் சிவந்திருக்கும் இந்தப் பானை வகை ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை என்று இந்த ஆற்றங்கரை முழுக்கக் கிடைக்கிறது. உள்ளே கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள் என்று பல ஆண்டுகள் நான் வகுப்பில் சொல்லி வந்தேன். காருகுறிச்சிக்கு ஒரு சூளையைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துப் போன அன்றுதான் அது பிழை என்று தெரிந்தது.

அங்கே சக்கரத்தில் உட்கார்ந்திருந்த வேளார் தாத்தாவிடம் ஒரு மாணவி, உள்ளே எப்படித் தாத்தா சாயம் பூசுவார்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். "சாயம் எதுக்கு தாயி? பானையக் கவுத்து வச்சு உள்ளே உமியோ வைக்கோலோ போட்டுச் சுட்டா, காத்துப் படாத இடம் தானா கறுத்துப்போகும். காத்துப் பட்ட இடம் செவக்கும்" என்றார். களிமண்ணில் இருக்கும் இரும்புச் சத்து காற்றுப் பட்டு வெந்தால் சிவப்பாகிறது. காற்றில்லாமல் புகைக்குள் வெந்தால் கரி ஏறிக் கறுத்துப்போகிறது. நான் பாடப்புத்தகத்துக்கு வெளியே தேடிக்கொண்டிருந்த விடையை அவர் கையில் வைத்திருந்தார்.

அவரிடம் கேட்டுக்கொண்டு, எங்களுக்காக ஒரு சிறு கலயத்தைக் கவிழ்த்துச் சூளையின் ஓரத்தில் வைத்தோம். மறுவாரம் எடுத்தபோது உட்புறம் கறுத்திருந்தது, வெளியே அடிப்பக்கம் நன்கு சிவந்திருந்தது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு மங்கிய பட்டை ஓடியது. ஒரு பக்கம் காற்றுப் புகுந்து திட்டுத் திட்டாகிவிட்டது. அந்தத் திட்டைத்தான் பிள்ளைகள் அதிக நேரம் தடவிப் பார்த்தார்கள். இவ்வளவு சீராகப் பல நூறு பானைகளைச் சுட்ட கை எவ்வளவு தேர்ந்த கையாக இருந்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்லாமலே அவர்கள் சொன்னார்கள்.

ஜூன் 15

ஒரு சிறு எச்சரிக்கை. இன்றைய குயவர் ஒரு முறையில் சுடுகிறார் என்பதால் அன்றைய குயவரும் அப்படியேதான் சுட்டார் என்று நிறுவப்பட்டுவிடாது. அந்த முறையில் அந்த நிறம் வரும் என்பது மட்டுமே நிறுவப்படுகிறது. வேறு முறையிலும் வருமா என்று தேடுவது அடுத்த வேலை. "வந்திருக்கலாம்" என்பதற்கும் "வந்தது" என்பதற்கும் உள்ள இடைவெளியைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு நான் எழுதிவிடுவேன்.

ஜூன் 19

காலக்கணிப்பை ஆறாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது என்று கேள்வி வந்திருக்கிறது. நான் புளியங்கொட்டையை வைத்துச் சொல்கிறேன்.

தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல 64 கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளுங்கள். கைநிறைய அள்ளி வீசி, வெள்ளை மேலே விழுந்தவற்றை விலக்கிவிடுங்கள். மிச்சத்தை மீண்டும் வீசுங்கள். சென்ற முறை எங்கள் வகுப்பில் 64, 35, 16, 9 என்று குறைந்தது. எந்தக் கொட்டை விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் ஏறத்தாழப் பாதி விலகும் என்று எல்லாராலும் சொல்ல முடியும். உயிருள்ள வரை உடலில் சேரும் கரிமம்-14 என்ற அணு, உயிர் போனபின் 5,730 ஆண்டுக்கு ஒரு முறை இப்படித்தான் பாதியாகிறது. மிச்சத்தை அளந்தால் உயிர் போன காலம் தெரியும்.

சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அது எத்தனை வீச்சு என்று கேட்டேன். பிள்ளைகள் கணக்குப் போட்டு, ஒரு வீச்சுகூட முடியவில்லை, கரிமத்தில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் அந்த நெல்லில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த வியப்பு அவர்களே தேடிக்கொண்டது.

பிறகு 2025 ஜனவரி 23 வந்தது. இரும்பின் தொன்மை குறித்த அறிக்கை சென்னையில் வெளியானது. சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரியின் காலம் கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரை போகிறது என்றார்கள். மறுநாள் நான் 3345 என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அளந்தது இரும்பையா, கரியையா?" என்று கேட்டாள். நான் எத்தனை ஆண்டுகள் நடத்தினாலும் அதைவிடச் சிறந்த கேள்வி என் வகுப்பில் எழப்போவதில்லை.

ஜூன் 20

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன விடை. நெல் ஒரு பருவப் பயிர். அறுத்த ஆண்டும் அதன் காலமும் ஒன்று. மரம் அப்படியல்ல. ஆற்றங்கரை மருதமரத்தை இன்று வெட்டினால், பட்டையை ஒட்டிய வெளிவளையம் இந்த ஆண்டு வளர்ந்தது, நடுவைரம் இருநூறு ஆண்டுக்கு முன் வளர்ந்து நின்றுபோனது. வைரத்தைச் சுட்டுக் கரியாக்கி அளந்தால், மரத்தை வெட்டிய நாளைவிட இருநூறு ஆண்டு முந்திய காலம் வரும். ஆகவே கரியின் காலத்தை இரும்பின் காலமாக எடுத்துக்கொள்ளும் முன், அந்தக் கரி எந்த மரம், எந்தப் பகுதி, இரும்பை ஒட்டிக் கிடந்ததா என்று கேட்டாக வேண்டும். இதனால்தான் ஒரே மாதிரியோடு நிற்காமல் பல மாதிரிகளை எடுத்து, அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், அகமதாபாத், லக்னோ என்று வெவ்வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்ட காலத்தை அளக்கும் வேறொரு முறையையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐயத்தோடு கேட்பது நம் பெருமையைக் குறைத்துவிடும் என்று சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். என் மனத்தில் பட்டதை நேராகச் சொல்கிறேன்: கேள்விகளைத் தாங்கி நிற்கும் காலம்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின்னும் அவர்களோடு நிற்கும்.

ஜூன் 27

கொற்கை. இதை நான் மேட்டைவிட அதிகம் விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே பொருளே இல்லாமல் நிலத்தை வைத்து நடத்தலாம்.

ஏரல் வழியாகக் கொற்கைக்குப் போய் இறங்கினால் முதல் கேள்வி: துறைமுகம் என்றீர்களே, கடல் எங்கே? கடல் பல கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. வயலும் குளமும் வாழையும்தான் கண்ணில் படுகின்றன. சங்கப் பாடல்கள் கொற்கை முத்தைப் புகழ்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடு ஒன்று கொல்கி என்று இந்த ஊரைக் குறித்து, தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளித்தார்கள் என்கிறது. 1968-69இல் அகழாய்வு செய்தபோது கிடைத்த கரி கி.மு. 785 அளவில் நின்றது. அறுத்த சங்குகளும் கிடைத்தன. இத்தனையும் கடலைச் சொல்கின்றன, கண்ணெதிரே கடல் இல்லை.

விடை ஆற்றில் இருக்கிறது. ஐப்பசி வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வைத்தோம். காலையில் அடியில் நகக்கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. ஒரு பாட்டிலில் இவ்வளவு என்றால் ஆறு முழுதும் ஆண்டுதோறும் எவ்வளவு கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டியிருக்கும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். கொற்கை மணலில் அடைபட்டபின் துறை பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு எழுதிய காயல் அதுதான் என்று இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் அடையாளம் கண்டார். அதுவும் அடைபட்டு, போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் தங்கிய புன்னைக்காயலுக்கு வந்து நின்றது. மூன்று ஊர்களையும் ஒரே நாளில், இந்த வரிசையிலேயே, வேன் பிடித்துப் போய் வாருங்கள். கடைசி ஊரில் பிள்ளைகள் அலையில் காலை நனைக்கும்போது இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்திருப்பார்கள்.

கொற்கையில் அக்காசாலை ஈஸ்வரமுடையார் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். அந்தப் பெயரை மட்டும் வைத்து அங்கே பாண்டியர் காசு அடித்தார்கள் என்று முடித்துவிடாமல், ஊர் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கான தடமாக அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜூலை 2

வட்டச்சில்லு. உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் தமிழ்நாட்டு அகழாய்வுகளில் நிறையக் கிடைக்கின்றன. பாண்டி விளையாடத் தேய்த்தவை என்று நானும் சொல்லி வந்தேன். பிள்ளைகளுக்கும் அது பிடித்திருந்தது. ஒரு மாணவி வீட்டில் கேட்டுவந்து, தன் ஆச்சி சின்ன வயதில் கலயத்தின் வாயை மூட இப்படிச் சில்லு தேய்த்து வைப்பார்களாம் என்றாள். இன்னொரு பையன் எடைக்கல்லாக இருக்கக் கூடாதா என்றான். மூன்றையும் பலகையில் எழுதி, எதை எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். எடைக்கல் என்றால் எடைகள் ஒன்றுக்கொன்று மடங்காக இருக்க வேண்டும். மூடி என்றால் அதே இடத்தில் கிடைத்த கலயத்தின் வாய் அளவோடு பொருந்த வேண்டும். விளையாட்டுச் சில்லு என்றால் ஓரம் தேய்ந்திருக்கும், அளவு எப்படியும் இருக்கலாம். இந்த ஒரு வகுப்பில் அவர்கள் பழகியது, எனக்குக் கல்லூரியில் மூன்று ஆண்டுகளில் கிடைக்காதது.

ஜூலை 6

பள்ளியிலேயே குழி வெட்டிப் பழக்கலாமா என்று கேட்டவருக்கு: வெட்டலாம், பழைய இடமாக இல்லாத பட்சத்தில். நாங்கள் முழ ஆழத்தில் ஒரு குழி வெட்டி, அடியில் செம்மண் போட்டு உடைந்த கலயமும் புளியங்கொட்டையும், அதன்மேல் ஆற்றுமணல் போட்டு வளையல் துண்டும் பத்துப் பைசாவும், மேலே கரிசல் போட்டு ஒரு செல்போன் பேட்டரியும் புதைத்தோம். எட்டாம் வகுப்பு புதைத்தது, ஏழாம் வகுப்பு கொத்தனார் கரண்டியும் தூரிகையும் கொண்டு எடுத்தது. முதல் ஆண்டு ஒரு தவறு செய்தோம். மண்ணடுக்கின் நிறம் மாறும் இடத்தில் நிறுத்திக் குறிக்கச் சொல்ல மறந்துவிட்டதால், அவர்கள் நேராக அடிவரை தோண்டி எல்லாவற்றையும் ஒரே முறத்தில் கொட்டினார்கள். பேட்டரியும் கலயமும் ஒரே காலம் என்று ஒரு குழு அறிக்கை எழுதியது. அந்த அறிக்கையை நான் இன்னும் ஒவ்வோர் ஆண்டும் வாசித்துக் காட்டுகிறேன், எழுதியவர்களின் பெயர் சொல்லாமல்.

ஜூலை 13

தமிழாசிரியரோடு சேர்ந்து நடத்தியது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒரு பெண் குயவனை அழைத்து, இறந்துபோன தன் கணவனுக்கு வனையும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். அந்தப் பாட்டை வாசித்தபின், ஆதிச்சநல்லூர்த் தாழி ஒன்றின் வாயகலத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமாக வரைந்தோம். ஒரு பெண் போய் அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னொருத்திக்கு இடமில்லை. வகுப்பு முழுதும் அமைதியாகிவிட்டது.

அந்த அமைதி கலைந்தபின் இதையும் சொன்னேன்: ஆதிச்சநல்லூரில் 2004-05இல் எடுத்தவற்றுள் ஒரு மாதிரியின் காலம் கி.மு. 905. பாட்டு அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. இந்தத் தாழிக்காக அந்தப் பாட்டு எழுதப்படவில்லை. ஆனால் தாழியில் வைக்கும் வழக்கம் அவ்வளவு காலம் நீடித்திருக்கிறது. அதே அகழாய்வில் கிடைத்த ஓட்டில் ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை ஆகிய உருவங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. தாமிரபரணியில் முதலை இருந்ததா என்று பிள்ளைகள் ஊருக்குள் முதியவர்களைக் கேட்கப் போய்விட்டார்கள்.

ஜூலை 20

தேர்வைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. ஆண்டும் பெயரும் கேட்கத்தான் செய்வார்கள், எழுதத்தான் வேண்டும். புளியங்கொட்டை வீசிய பிள்ளைகள் 1155ஐ மறப்பதில்லை என்பதை மட்டும் கண்டிருக்கிறேன். நான் வைக்கும் வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "இதிலிருந்து நம்மால் சொல்ல முடியாதது எது?" முதல் முறை பாதிப் பேர் அதை வெறுமையாக விட்டார்கள். இப்போது அந்தக் கேள்விக்குத்தான் தாள் போதவில்லை என்கிறார்கள்.

ஆகஸ்ட் 3

ஜூன் 10இல் எழுதிய அந்த ஓடு இத்தனை ஆண்டும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இந்தப் பதிவுகளை எழுதத் தொடங்கியபின் அதை அங்கே வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. அந்தப் பையன் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஓடு அவனுக்கு நினைவிருந்தது. "ரோட்டுக்கு வடக்கே, உடைமரத்துக்குக் கீழே மழைத்தண்ணி அறுத்த பள்ளத்துல கிடந்தது டீச்சர்" என்றான். எனக்கோ நாங்கள் அன்று சாலைக்குத் தெற்கே மட்டும் நடந்ததாகத்தான் நினைவு. இருவரும் வெகு நேரம் பேசியும் ஒத்துவரவில்லை.

ஓர் அட்டையில் அவன் சொன்னதை ஒரு பக்கமும் நான் சொன்னதை மறுபக்கமும், எத்தனை ஆண்டு கழித்து நினைவுகூர்ந்தது என்பதோடு, எழுதிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ஓட்டையும் அட்டையையும் ஆதிச்சநல்லூரில் ஒப்படைக்கப் போகிறேன். ஏழாம் வகுப்பில் நான்கு பேர் உடன் வருகிறார்கள். உடைமரம் இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.